உள்துறை அமைச்சரின் பாவக்கணக்கு

ரோம் நகரின் ஏழு குன்றுகளில் விமினாலே ஒன்று. இத்தாலியின் உள்துறை அமைச்சகம் அதன் மேல்தான் இருக்கிறது. 1978 மார்ச் 29 அன்று, ஈஸ்டர் முடிந்து மூன்று நாள் கழித்து, அந்தத் துறையின் அமைச்சருக்குக் கையால் எழுதிய கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது. எழுதியவர் ஆல்டோ மோரோ. ஐந்து முறை அமைச்சரவை அமைத்தவர், ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தலைவர், பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த பேராசிரியர். பெற்றவர் பிரான்செஸ்கோ கொசிகா. அதே கட்சிக்காரர், மோரோவின் நண்பர், வயது 49. கடிதம் எழுதப்பட்ட இடம், சிவப்புப் படையணி என்ற ஆயுதக் குழு ‘மக்கள் சிறை’ என்று பெயரிட்டிருந்த ஓர் அடுக்கக வீட்டின் மறைவறை.

அதற்கு இரண்டு வாரத்துக்கு முன், மார்ச் 16 காலையில், வியா ஃபானி தெருவில் மோரோவின் காரை மறித்து, அவருடைய பாதுகாவலர் ஐவரையும் சுட்டுக் கொன்றுவிட்டு அவரைக் கடத்திச் சென்றிருந்தார்கள். கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு அமைந்த புதிய அரசு நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்குக் கோரவிருந்த நாள் அது. அந்த ஆதரவைப் பேசிப் பேசிச் சாத்தியமாக்கியவரே மோரோதான்.

கடிதத்தில் கெஞ்சல் இல்லை. வகுப்பில் பாடம் நடத்துகிறவரைப் போல மோரோ வாதிட்டிருந்தார். சட்டத்தின் மேன்மை என்ற அருவமான ஒன்றுக்காக, காப்பாற்றக்கூடிய மனிதரைப் பலிகொடுப்பதை ஏற்க முடியாது. வேறு வழியில்லாத நெருக்கடியில் மற்ற நாடுகளும் கைதிப் பரிமாற்றம் செய்திருக்கின்றன. வத்திக்கான் வழியாக முயன்று பார்க்கலாம். இதுதான் அதன் சாரம். விஷயம் ரகசியமாக இருக்கட்டும் என்றும் கேட்டிருந்தார். கடத்தியவர்கள் அதைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

கொசிகாவின் மேசைக்கு வந்த கேள்வி எந்த நாட்டு உள்துறை அமைச்சருக்கும் ஒருநாள் வரக்கூடியது. எல்லோருடைய உயிருக்கும் பொறுப்பேற்றவர், அந்த எல்லோருக்காக ஒருவரைக் கைவிடலாமா? போலீஸ், உளவு, சிறை, ஊரடங்கு என்று அவர் கையெழுத்திடும் கோப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். சட்டப் புத்தகம் இதற்குப் பாதிப் பதில்தான் சொல்லும். மதங்களோ இரண்டாயிரம் ஆண்டுகளாக இதோடு மல்லுக்கட்டிவருகின்றன.

மகாபாரதத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்கு ஒரு படிவரிசையைச் சொல்கிறார். குலத்துக்காக ஒருவனை விடலாம், ஊருக்காகக் குலத்தை விடலாம், நாட்டுக்காக ஊரை விடலாம் என்று ஏறிக்கொண்டே போய், ஆன்மாவுக்காக உலகத்தையே விடலாம் என்று முடிக்கிறார். முதல் மூன்று படிகள் ஆட்சியாளர்களுக்கு வசதியானவை. நான்காவது படியோ அதுவரை போட்ட கணக்கையே புரட்டிப் போடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விதுரர் கைவிடச் சொன்னது துரியோதனனை. சொன்னது அவனைப் பெற்றவரிடம். ‘உன் பிள்ளையை நீ இழந்துவிடு’ என்பதுதான் அந்த அறிவுரையின் பொருள். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பலிகொடுக்க அதில் யாருக்கும் அனுமதி கிடையாது.

கிறிஸ்தவத்தில் இதே வாதம் வேறு ஒருவர் வாயிலிருந்து வருகிறது. இனம் முழுவதும் அழிவதைவிட ஒருவர் இறப்பது மேல் என்று யோவான் நற்செய்தியில் யோசனை சொல்பவர் தலைமைக் குரு கயபா. இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பும் பாதை அந்த யோசனையில்தான் தொடங்குகிறது. கொசிகாவும் கத்தோலிக்கர், பிரதமர் அந்திரேயோத்தியும் கத்தோலிக்கர், கட்சியின் பெயரிலேயே கிறிஸ்து இருக்கிறார். புனித வாரத்தின் வாசகங்கள் காதில் ஒலித்து அடங்குவதற்குள் அவர்கள் கயபாவின் வாதத்தைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

யூத மரபு இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. எதிரிகள் ஊரை வளைத்து, ஒருவரை ஒப்படைக்காவிட்டால் எல்லோரையும் கொல்வோம் என்று மிரட்டினால், எல்லோரும் சாகலாமே தவிர ஒருவரைக்கூடக் கொடுக்கக் கூடாது என்பது பழைய விதி. குறிப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் கொடுக்கலாம் என்று ஒரு விலக்கும் அதிலேயே உண்டு. பாலஸ்தீனத் தால்முத்தில் இதையொட்டி ஒரு கதை வருகிறது. அரசு தேடும் ஒருவன் லோத் நகரில் ரபி யோசுவா பென் லேவியிடம் தஞ்சம் புகுகிறான். படை ஊரைச் சூழ்கிறது. ரபி அவனிடம் பேசி, இணங்கவைத்து, ஒப்படைத்துவிடுகிறார். ஊர் பிழைக்கிறது. ஆனால், அதுவரை ரபியைத் தேடிவந்து பேசிக்கொண்டிருந்த எலியா தீர்க்கதரிசி வருவதை நிறுத்திவிடுகிறார். ரபி நோன்பு மேல் நோன்பு இருக்க, ஒருவழியாகத் தோன்றும் எலியா, காட்டிக்கொடுப்பவனுக்கு நான் எப்படிக் காட்சி தருவேன் என்கிறார். விதிப்படிதானே செய்தேன் என்று ரபி முறையிடுகிறார். அது பக்தர்களின் விதிதானா என்று எலியா திருப்பிக் கேட்கிறார்.

ரபிக்கு இந்தக் கதையில் தண்டனை கிடையாது. அவர் விதியை மீறினார் என்றும் எலியா சொல்லவில்லை. ஊர் பிழைத்ததும் உண்மை, கறை படிந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியவில்லை. உள்துறை அமைச்சரின் நாற்காலி ஏறக்குறைய அந்த ரபியின் இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது.

விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அப்போது ஐரோப்பாவில் புதிய உதாரணம் இருந்தது. 1975-ல் மேற்கு பெர்லின் அரசியல்வாதி பீட்டர் லோரன்ஸ் கடத்தப்பட்டார். மேற்கு ஜெர்மனி ஐந்து கைதிகளை விடுவித்துத் தெற்கு ஏமனுக்கு விமானத்தில் அனுப்பி அவரை மீட்டது. அந்த ஐவரில் ஒருவர் அதே ஆண்டு டிசம்பரில், வியன்னாவில் ஓபெக் அமைச்சர்களைப் பிணை பிடித்த கும்பலில் துப்பாக்கியோடு நின்றார். அந்தத் தாக்குதலில் மூன்று பேர் செத்தார்கள். ஆகவே 1977 செப்டம்பரில் தொழிலதிபர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையர் கடத்தப்பட்டபோது மேற்கு ஜெர்மனி அரசு மசியவில்லை. குடும்பத்தினர் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். உயிரைக் காப்பது அரசின் கடமைதான், ஆனால் எந்த வழியில் காப்பது என்று நீதிமன்றம் கட்டளையிட முடியாது என்று அக்டோபர் 16-ல் தீர்ப்பு வந்தது. இரண்டு நாளில் ஷ்லையர் கொல்லப்பட்டார்.

அப்போது ஜெர்மனியின் உள்துறை அமைச்சராக இருந்தவர் வெர்னர் மைஹோஃபர், சட்டத் தத்துவப் பேராசிரியர். அவருடைய பதவியை உலுக்கிய விஷயங்களில் ஒன்று தத்துவத்தோடு சம்பந்தமே இல்லாதது. கடத்தல் நடந்த சில நாட்களிலேயே, கொலோனுக்கு அருகே ஓர் அடுக்ககக் கட்டடத்தில் சந்தேகத்துக்குரிய வீடு இருப்பதாக உள்ளூர் போலீஸ்காரர் ஒருவர் மேலே தகவல் அனுப்பியிருந்தார். ஷ்லையர் அங்கேதான் இருந்தார். தகவல் அலுவலகத்துக்கு அலுவலகம் போய் எங்கோ காணாமல் போயிற்று. கதவை யாரும் தட்டவில்லை. 1978 ஜூனில் மைஹோஃபர் பதவி விலகினார்.

ரோமிலும் இப்படியொரு கதவு உண்டு. கடத்தல் நடந்து இரண்டே நாளில் போலீசார் வியா கிராடோலி என்ற தெருவில் 96-ஆம் எண் கட்டடத்துக்குப் போனார்கள். ஒரு வீட்டில் பதில் வரவில்லை, திரும்பிவிட்டார்கள். படையணித் தலைவர்களின் மறைவிடம் அதுதான். ஏப்ரல் 2 அன்று, பொலோனா அருகே ஒரு வீட்டில் கூடிய பேராசிரியர்கள் சிலர் தட்டு வைத்து ஆவியிடம் கேட்டதாகவும், ‘கிராடோலி’ என்று பதில் வந்ததாகவும் ஒரு செய்தி ரோமுக்கு எட்டியது. பின்னாளில் இத்தாலியின் பிரதமரான ரொமானோ பிரோடியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தகவல் தந்த ஆளை மறைக்கத்தான் ஆவிக்கதை கட்டப்பட்டது என்ற சந்தேகம் இன்றுவரை உண்டு. போலீஸ் படை கிளம்பியது. எங்கே? ரோமுக்கு வடக்கே கிராடோலி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே போய் வீடு வீடாகத் தேடிவிட்டுத் திரும்பினார்கள். வியா கிராடோலித் தெரு ரோமுக்குள்ளேயே இருந்தது.

அறம் பற்றிய பெரிய விவாதங்கள் நடக்கும்போது இந்தச் சிறிய விஷயங்கள் பின்னால் போய்விடுகின்றன. ஒருவரைப் பலிகொடுக்கலாமா என்று கேட்கும் அமைச்சர், அதற்கு முன் எல்லாக் கதவுகளையும் தட்டியிருக்க வேண்டும். வேறு வழியில்லை என்பது தத்துவ நூலில் கொடுக்கப்பட்ட நிபந்தனை. அமைச்சகத்திலோ அது உழைத்து நிரூபிக்க வேண்டிய கூற்று.

ஏப்ரல் 24 அன்று சிவப்புப் படையணி 13 கைதிகளின் பெயர்களைக் கொடுத்து விடுதலை கேட்டது. ஆளுங்கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் உறுதியாக மறுத்தன. பேசிப் பார்க்கலாம் என்றது கிராக்ஸியின் சோஷலிஸ்ட் கட்சி. மறுத்தவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. வியா ஃபானியில் செத்த ஐந்து காவலர்களின் வீடுகளில் துக்கம் ஆறியிருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்காத விலை ஒரு தலைவருக்கு மட்டும் ஏன் கொடுக்கப்பட வேண்டும்? இந்தக் கேள்விக்கு எளிய பதில் இல்லை.

ஆனால் அரசும் அதன் நண்பர்களும் மறுத்ததோடு நிற்கவில்லை. மோரோவின் கடிதங்கள் வரவர, அவை அவருடையவை என்று கொள்ள முடியாது, மிரட்டலிலும் சித்திரவதையிலும் எழுதப்பட்டவை என்று சொல்லத் தொடங்கினார்கள். தங்களுக்குத் தெரிந்த மோரோ இந்தக் கடிதங்களில் இல்லை என்று பழைய நண்பர்கள் பலர் கூட்டாகக் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். கடிதங்களைப் படித்தால், அரசியல் சாசனத்தை எழுதிய அவையில் உட்கார்ந்திருந்த அதே சட்ட அறிஞரின் தர்க்கம்தான் அவற்றில் தெரிகிறது. கைதி தன் வழக்கைத் தானே வாதாடினார். நீதிமன்றம் அவருக்கு வாயே இல்லை என்று அறிவித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பாவக்கணக்கு எழுதப்பட வேண்டும். ‘நீங்கள் சொல்வது சரி, உங்கள் உயிருக்கு எங்கள் மேல் உரிமை உண்டு, இருந்தும் எங்களால் கொடுக்க முடியவில்லை’ என்று சொல்லியிருந்தால் அது கொடுமையான நேர்மை. லோத் நகரத்து ரபிகூட அடைக்கலம் புகுந்தவனிடம் முகம் பார்த்துப் பேசினார். ரோம் தன் பலியாளைப் பார்த்து, பேசுவது நீயல்ல என்றது. முடிவின் வலியைக் குறைத்துக்கொள்ள ஒரு மனிதரின் குரலையே ரத்துசெய்தது.

போப் ஆறாம் பவுலுக்கு மோரோ இளமைக் காலத்திலிருந்தே பழக்கம். கத்தோலிக்க மாணவர் இயக்கத்தில் தொடங்கிய உறவு அது. ஏப்ரல் 21 தேதியிட்டு போப் சிவப்புப் படையணியின் ஆட்களுக்குத் தன் கைப்பட எழுதினார். மண்டியிட்டுக் கேட்பதாகச் சொல்லி, நிபந்தனை எதுவுமின்றி விட்டுவிடும்படி வேண்டினார். ‘நிபந்தனை எதுவுமின்றி’ என்பதற்குள் அரசின் நிலைப்பாடும் அடங்கியிருந்தது. பரிமாற்றத்துக்குப் போப்பும் துணை நிற்கவில்லை என்று சிறையிலிருந்தவர் புரிந்துகொண்டார்.

மே 9 அன்று வியா கயெத்தானித் தெருவில் நின்ற சிவப்பு ரெனோ 4 காரின் பின்பக்கத்தில் மோரோவின் உடல் கிடந்தது. ஆளுங்கட்சியின் தலைமையகமும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். அரசு மரியாதை வேண்டாம், கட்சிக்காரர்கள் வர வேண்டாம் என்பது மோரோவின் விருப்பம். குடும்பம் மறுநாளே அவரைத் தொரீத்தா திபெரினா என்ற சிற்றூரில் அடக்கம் செய்துவிட்டது. மே 13 அன்று லாத்தரன் பேராலயத்தில் அரசு நடத்திய வழிபாட்டில் போப் இருந்தார், அமைச்சர்கள் இருந்தார்கள், உடல் இல்லை.

கொசிகா உடனே ராஜினாமா செய்தார். அவர் முடி நரைத்தது, தோலில் வெண்திட்டுகள் படர்ந்தன. மோரோவைச் சாகவிடுகிறோம் என்று தெரிந்தே முடிவெடுத்ததன் அடையாளம் அது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொன்னார். அரசியலில் கை கறைபடுவது பற்றி மைக்கேல் வால்ஸர் 1973-ல் எழுதிய கட்டுரை இங்கே நினைவுக்கு வரும். நல்ல அரசியல்வாதியை அவர் கையின் சுத்தத்தால் அறிய முடியாது, தான் செய்ததைக் குற்றமாக உணர்கிறாரா என்பதால்தான் அறிய முடியும் என்பது வால்ஸரின் வாதம். அந்த அளவுகோலில் கொசிகா தேறுகிறார். ஆனால் அடுத்த ஆண்டே அவர் பிரதமரானார், 1985-ல் குடியரசுத் தலைவரானார். உணர்ந்த குற்றத்துக்கும் கொடுத்த விலைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது.

அதைவிட உறுத்துவது 1981. அந்த ஏப்ரலில் நேப்பிள்ஸ் பகுதியின் கட்சிப் பிரமுகர் சீரோ சிரில்லோவைச் சிவப்புப் படையணி கடத்தியது. சிறையிலிருந்த கமோரா குற்றக்கும்பலின் தாதா ஒருவர் வழியாகப் பேச்சு நடந்தது, பணம் கைமாறியது, ஜூலையில் சிரில்லோ உயிரோடு திரும்பினார். மோரோவைப் பலிகேட்ட கொள்கை நான்கு ஆண்டுகூடத் தாங்கவில்லை.

இந்தியாவில் இதே கேள்வி ஓர் உள்துறை அமைச்சரின் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. 1989 டிசம்பர் 2-ல் வி.பி.சிங் பிரதமராகப் பதவியேற்றார், முஃப்தி முகமது சயீத் உள்துறை அமைச்சரானார். ஒரு வாரம் முடிவதற்குள், டிசம்பர் 8 அன்று, ஸ்ரீநகரில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த முஃப்தியின் மகளை ஜே.கே.எல்.எஃப். என்ற ஆயுதக் குழு கடத்தியது. முதல்வர் ஃபரூக் அப்துல்லா விட்டுக்கொடுக்கக் கூடாது என்றார். டெல்லியிலிருந்து மத்திய அமைச்சர்கள் பறந்து வந்தார்கள். 13-ஆம் தேதி ஐந்து பேர் விடுவிக்கப்பட்டார்கள், மகள் திரும்பினார். அன்று ஸ்ரீநகர் தெருக்களில் கொண்டாட்டம் நடந்தது.

நான்கே மாதத்தில், 1990 ஏப்ரலில், காஷ்மீர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் முஷீருல் ஹக்கும் அவருடைய செயலாளரும், எச்.எம்.டி. ஆலையின் பொது மேலாளர் கேராவும் கடத்தப்பட்டார்கள். கோரிக்கை அதே வகை: கைதிகளை விடு. இம்முறை அரசு மறுத்தது. மூவரும் கொல்லப்பட்டார்கள். உள்துறை அமைச்சர் அதே முஃப்திதான்.

முதல் முடிவு தவறு என்றோ இரண்டாவது தவறு என்றோ வாதாடலாம். இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க வழியே இல்லை. தந்தையாக முஃப்தி தவித்ததை யாரும் குறைசொல்ல முடியாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது நீதிமன்றங்களின் பால பாடம். உறவினர் வழக்கு வந்தால் நீதிபதி விலகிக்கொள்கிறார். அந்த ஐந்து நாட்கள் உள்துறையை வேறொருவர் கையில் கொடுத்திருக்கலாம். அப்படி எதுவும் செய்யப்படவில்லை.

தமிழர்கள் இந்த இடத்தில் மனுநீதிச் சோழனை இழுத்துவருவார்கள். பெரியபுராணம் சொல்லும் கதையில் பலரும் மறந்துவிட்ட ஒருவர் இருக்கிறார்: அமைச்சர். கன்றைத் தேரேற்றிக் கொன்ற இளவரசன் மேல் தேரை ஓட்டும்படி மன்னன் முதலில் கட்டளையிட்டது அவருக்குத்தான். அவரால் ஓட்டவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. தன் உயிரை விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் மன்னன் தானே தேரேறுகிறான். கடைசியில் சிவன் தோன்ற, கன்றும் இளவரசனும் எழுகிறார்கள், அமைச்சரும் எழுகிறார். வியா கயெத்தானியிலும் ஸ்ரீநகரிலும் அப்படி யாரும் எழவில்லை. கடவுள் வந்து கணக்கை நேர்செய்வார் என்ற நம்பிக்கையில் உள்துறையை நடத்த முடியாது.

பெயர் தெரியாதவர்களின் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து பேசியதும் உண்டு, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. 2000 ஜூலை 30-ல் ஈரோடு மாவட்டத்துக் காஜனூரிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். அவன் கேட்டபடி தடா வழக்குகளைத் திரும்பப் பெறக் கர்நாடக, தமிழக அரசுகள் முன்வந்தன. வீரப்பன் கும்பலால் முன்பு கொல்லப்பட்ட காவல் உதவி ஆய்வாளர் ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தன் மகனைக் கொன்ற வழக்கில் சிக்கியவர்களை, வேறொருவரை மீட்பதற்கு விலையாகக் கொடுப்பதை அவர் ஏற்கவில்லை. நவம்பர் 7-ல் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரம், நவம்பர் 15-ல், ராஜ்குமார் காட்டிலிருந்து உயிரோடு வந்தார். நாடே பெயர் சொல்லிப் பிரார்த்தித்த ஒருவருக்கும், பத்திரிகையில் ஒருநாள் செய்தியாக வந்துபோன ஒரு காவலருக்கும் ஒரே தராசு என்பதை நினைவூட்ட ஒரு தகப்பனார் வழக்குப் போட வேண்டியிருந்தது.

பேசலாமா கூடாதா என்பதில் நல்லவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். உள்துறை அமைச்சரை அந்த முடிவை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. அடுத்த முறை எங்கோ ஒரு விமானமோ பள்ளிப் பேருந்தோ பிணையாகப் பிடிக்கப்பட்டு, தொலைக்காட்சிகளில் வீரமும் கோழைத்தனமும் விவாதிக்கப்படும்போது, வாசகர்கள் அமைச்சரிடம் வேறு மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். தட்டாமல் விட்ட கதவு ஏதாவது உண்டா? பிடிபட்டது உங்கள் மகளாகவோ உங்கள் கட்சிக்காரராகவோ இருந்தாலும் இதே முடிவுதானா? உள்ளே இருப்பவர் உயிர்கேட்டு எழுதினால், அதை அவர் எழுதியதாகவே ஏற்று, அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பதில் சொல்வீர்களா?